கட்டும்போது சமம், கேட்கும்போது அயலார்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். தங்க இடம் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு, விசா எத்தனை வருடம் என்று கேட்பார். அங்கே போய்ப் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று கேட்பவர் குறைவு. ஆனால் ஒரு நாடு தன் மண்ணில் உழைக்கும் அயலாரை என்னவாக நினைக்கிறது என்பது இந்தக் கேள்விக்கு அது சொல்லும் பதிலில்தான் தெரியும். துபாயின் பதில்: முதலாளி காப்பீடு எடுத்துத் தர வேண்டும், வேலை போனால் அந்த அட்டையும் போய்விடும். பிரிட்டனின் பதில்: விசா வாங்கும்போதே மருத்துவத்துக்கென்று தனிக் கட்டணம் கட்டிவிட வேண்டும். 2015-ல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அந்தக் கட்டணம் 2024 பிப்ரவரி முதல் 1,035 பவுண்டு. விசாக் காலம் முழுமைக்குமான தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, பிறகு சம்பளத்திலும் எல்லோரையும் போல வரி பிடிப்பார்கள். தென்கொரியாவின் பதில் இவற்றிலிருந்து வேறு. ஆறு மாதம் இங்கே வாழ்ந்துவிட்டால் எங்கள் பொதுக் காப்பீட்டில் நீங்களும் ஓர் உறுப்பினர், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாமாதம் பிரீமியம் கட்ட வேண்டும் என்கிறது அந்த நாடு. கேட்பதற்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட நியாயமாகத் தெரிகிறது. நியாயமானதுதான். ஆனால் அதன் உட்பிரிவுகளுக்குள் போய்ப் பார்த்தால், சேர்த்துக்கொண்ட கை ஒன்றாகவும் சந்தேகப்படும் கண் வேறாகவும் இருப்பது புரியும்.

கொரியா நமக்குத் தொலைவான நாடு அல்ல. 2004-ல் அந்த நாடு வேலை அனுமதித் திட்டத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. மொழித் தேர்வு எழுதி, அரசு வழியாக ஈ-9 விசாவில் தொழிற்சாலைகளுக்கும் பண்ணைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் அங்கிருந்து ஆட்கள் போய்க்கொண்டேயிருக்கிறார்கள். இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சி மாணவர்கள், ஆய்வகங்களில் வேலைசெய்யும் முனைவர்கள், பொறியாளர்கள். எதிர்த்திசையில், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹுண்டாய் வந்து இறங்கியதிலிருந்து சென்னையில் கொரியக் குடும்பங்கள் வாழ்கின்றன. இரு நாடுகளுக்கும் இடையே 2011 முதல் ஒரு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் நடப்பில் இருக்கிறது. ஆனால் அது ஓய்வூதியப் பிடித்தத்தைப் பற்றியது, மருத்துவக் காப்பீட்டுக்கு அதில் இடமில்லை.

கொரியர்கள் இந்தக் காப்பீட்டைப் பற்றிப் பெருமைப்படுவதற்குக் காரணம் உண்டு. 1977-ல் 500 பேருக்கு மேல் வேலைசெய்யும் நிறுவனங்களில் கட்டாயமாகத் தொடங்கியது. பன்னிரண்டே ஆண்டுகளில், 1989-ல், நாட்டில் உள்ள அத்தனை பேரையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அப்போது நூற்றுக்கணக்கான சங்கங்கள் தனித்தனியே நடத்திவந்ததை 2000-ல் ஒரே நிறுவனமாக, தேசிய மருத்துவக் காப்பீட்டுக் கழகமாக இணைத்தார்கள். சம்பளக்காரர்களுக்கு 2023-லிருந்து மூன்று ஆண்டுகள் பிரீமியம் 7.09 சதவீதம், அதில் பாதி தொழிலாளி, பாதி முதலாளி. சொந்தத் தொழில் செய்கிறவர்கள், வேலையில்லாதவர்கள், மாணவர்கள் ஆகியோர் ‘வட்டார உறுப்பினர்கள்’. அவர்களுடைய பிரீமியம் வருமானத்தையும் சொத்தையும் வைத்துக் கணக்கிடப்படும், முழுவதையும் அவர்களே கட்ட வேண்டும். பதிலுக்குக் கிடைப்பது சாதாரணமானதல்ல. சிறு கிளினிக்கில் செலவில் 30 சதவீதமும், உள்நோயாளியாகப் படுத்தால் 20 சதவீதமும், புற்றுநோய்க்கு வெறும் 5 சதவீதமும்தான் நோயாளியின் பங்கு. ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் கையிலிருந்து போகக் கூடாது என்று வருமானத்துக்கு ஏற்ப ஓர் உச்சவரம்பும் உண்டு. உள்ளே வந்துவிட்ட அயலாருக்கும் சிகிச்சையில் இதே விகிதம்தான். இதைச் சொல்லாமல் கொரியாவைக் குறை சொல்வது நேர்மையாகாது.

நிறுவனங்களில் வேலைசெய்த வெளிநாட்டார் 2006 முதலே கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்கள். சிக்கல் வட்டார உறுப்பினர்களிடம்தான். மூன்று மாதம் தங்கிய வெளிநாட்டார் விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விட்டுவிடலாம் என்றிருந்தது. விரும்பினால் சேரலாம் என்று வைத்தால் யார் சேருவார்? உடம்பு சரியில்லாதவர்தான் முதலில் சேருவார். அப்படித்தான் நடந்தது. 2017-ல் வெளிநாட்டு வட்டார உறுப்பினர்கள் கணக்கில் மட்டும் 20,000 கோடி வோனுக்கு மேல் பற்றாக்குறை விழுந்தது. வந்து, சேர்ந்து, பெரிய அறுவை சிகிச்சை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ‘தின்றுவிட்டு ஓடுகிறவர்கள்’ என்ற வசைச்சொல் புழக்கத்துக்கு வந்தது. அரசு இரண்டு அடி எடுத்துவைத்தது. 2018 டிசம்பரில் மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கியது; 2019 ஜூலை 16 முதல் ஆறு மாதம் தங்கிய எல்லோரையும் கட்டாயமாகச் சேர்த்தது. என் பார்வையில் இந்த இரண்டு அடிகளுமே சரி. தவறு மூன்றாவது அடியில்: சேர்த்தவர்களைச் சமமாகச் சேர்க்காமல் விட்டதில். கட்டாயப்படுத்தும் உரிமையை ஓர் அரசு எடுத்துக்கொண்டால், அந்த நொடியிலிருந்து சந்தேகப்படும் உரிமையை அது விட்டுக்கொடுத்தாக வேண்டும். கொரியா இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

முதலில் கட்டாயத்தைப் பற்றி. இதற்கு எதிர்ப்பு வெளிநாட்டாரிடமிருந்தே வந்தது, முக்கியமாக மாணவர்களிடமிருந்து. அதுவரை பல்கலைக்கழகங்கள் ஏற்பாடுசெய்த தனியார் காப்பீட்டில் குறைந்த செலவில் இருந்தவர்களை 2021 மார்ச்சிலிருந்து பொதுக் காப்பீட்டுக்குள் இழுத்தார்கள். நாங்கள் இருபது வயதுக்காரர்கள், வருடத்துக்கு ஒருமுறைகூட டாக்டரிடம் போவதில்லை, எங்களிடம் ஏன் மாதம் 40,000 வோன் என்று கேட்டார்கள். கேள்வி புரிகிறது. ஆனால் பொதுக் காப்பீடு என்பதே அந்த இருபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் ஒரே பையில் பணம் போடும் ஏற்பாடு. நோய் வந்தபிறகு சேரலாம் என்றால் அதற்குப் பெயர் காப்பீடு அல்ல. மலிவான தனியார் பாலிசிகள் மலிவாக இருப்பதற்குக் காரணம், அவை உச்சவரம்பு வைத்து, பழைய நோய்களை விலக்கி, மனநோய்க்கும் பிரசவத்துக்கும் கையை விரிப்பதுதான். சளி, காய்ச்சல் வரை அந்தப் பாலிசி கைகொடுக்கும். எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று வந்தால் தெரியும் வித்தியாசம். ஆகவே மாணவர்களையும் சேர்த்தது சரி. ஆனால் அவர்களுக்கு அறிவித்த சலுகையைத்தான் ஆண்டுக்கு ஆண்டு தேய்த்தார்கள்: முதல் வருடம் 70 சதவீதத் தள்ளுபடி, அடுத்த வருடம் 60, 2023 மார்ச்சிலிருந்து 50. அடிப்படைத் தொகையும் ஏறிக்கொண்டே போனதால், உதவித்தொகையில் வாழும் ஒரு முதுகலை மாணவர் இப்போது மாதம் 70,000 வோனுக்கு மேல் கட்டுகிறார். பகுதி நேர வேலைக்குக்கூட மணிக்கணக்கில் வரம்பு போட்டிருக்கும் விசா அவருடையது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பற்றாக்குறைக் கதை. வட்டார உறுப்பினர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 2017-ல் பற்றாக்குறை இருந்தது உண்மை. ஆனால் தொழிற்சாலைகளில் உழைத்த வெளிநாட்டாரையும் சேர்த்து மொத்தமாகப் பார்த்தால் அப்போதே உபரிதான். கட்டாயம் வந்தபிறகு உபரி வீங்கியது. 2020-ல் வெளிநாட்டார் கட்டிய பிரீமியத்திலிருந்து அவர்களுக்குச் செலவான தொகையைக் கழித்தால் மிச்சம் 57,000 கோடி வோன். 2023-ல் 74,000 கோடி. 2024-ல் 94,000 கோடி வோனைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு நெருக்கம். இதையெல்லாம் மீறி, 2022 ஜனவரியில் அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்த யூன் சுக்-யோல், குடிமக்கள் பாடுபட்டுப் பரப்பிய சாப்பாட்டில் வெளிநாட்டார் ஸ்பூனை மட்டும் போடுவதைத் தடுப்பேன் என்ற பொருளில் ஃபேஸ்புக்கில் எழுதினார். அந்தச் சாப்பாட்டுக்கு அரிசி வாங்கியதில் அவர்களுடைய பணமும் இருந்தது. உண்மையில் அவர்கள் தின்றதைவிட வாங்கிக்கொடுத்தது அதிகம். கணக்கு வெளிப்படையாக இருந்தும் அந்த வாக்குறுதி எடுபட்டது. அந்த வேட்பாளர் ஜெயித்தார்.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது சீனர்கள் கதை. மற்ற எல்லா நாட்டாரிடமும் உபரி, சீனர்களிடம் மட்டும் பற்றாக்குறை என்பது பல ஆண்டுகளாகக் கொரிய அரசியலில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2023-ல் சீனர்களால் 6,400 கோடி வோன் நஷ்டம் என்று எண் கொடுத்தார்கள். பிறகு கழகமே தன் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது அந்த நஷ்டம் ஏறத்தாழ 270 கோடி வோனாகச் சுருங்கியது. 2024-ல் சீனர்கள் கணக்கும் உபரிக்கு வந்துவிட்டது. பிழையான எண் தலைப்புச் செய்தியானது, திருத்தம் உள்பக்கத்தில் ஒதுங்கியது. அது எங்கும் நடப்பதுதான். ஆனால் திருத்தம் வராமலே போயிருந்தாலும் என் வாதம் மாறாது. கொரியாவில் உள்ள சீனக் குடியுரிமையாளர்களில் பெரும்பகுதி கொரிய வம்சாவளியினர், மற்ற நாட்டுத் தொழிலாளர்களைவிட வயதானவர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். வயதானவர் அதிகம் உள்ள கூட்டம் அதிகம் செலவழிக்கும். அப்படிப் பார்த்தால் கொரியக் கிராமங்களில் தனியாக வாழும் எண்பது வயதுப் பாட்டிமார் கட்டுவதைப்போலப் பல மடங்கு எடுக்கிறார்கள். அத்தகைய கிராமங்கள் நிறைந்த தெற்கு ஜொல்லா மாகாணத்தார் சியோல்காரர்களின் பணத்தைத் தின்கிறார்கள் என்று எந்தக் கட்சியாவது சொல்லுமா? பொதுக் காப்பீட்டில் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வரவு செலவு பார்க்க ஆரம்பித்தால் அதன் ஆதாரமே ஆடிப்போகும். நாட்டுவாரியாக மட்டும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம் என்பது கணக்கு அல்ல, கசப்பு.

இப்போது பிரீமியத்துக்கு வருவோம். என் புகாரின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொரியக் குடிமகன் வட்டார உறுப்பினராக இருந்து, வருமானமும் சொத்தும் இல்லாதவரானால், 2024-ல் அவர் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை மாதம் 19,780 வோன். அதே தெருவில், அதே நிலைமையில் இருக்கும் வெளிநாட்டாருக்கு அந்தக் கீழ்வரம்பு கிடையாது. அவருடைய வருமானத்தின்படி பிரீமியம் குறைவாக வந்தால், முந்தைய ஆண்டின் எல்லா உறுப்பினர்களின் சராசரி எதுவோ அதைக் கட்ட வேண்டும். 2019-ல் அது 113,050 வோன். 2024-ல் ஒன்றரை லட்சம் வோனைத் தொட்டது, நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். அதாவது நாட்டில் சராசரிக்கு மேல் சம்பாதிக்கும் வெளிநாட்டார் அதற்கேற்ப அதிகம் கட்டுவார். சராசரிக்குக் கீழே சம்பாதிப்பவர் சராசரியைக் கட்டுவார். நிரந்தர வசிப்பிட உரிமை பெற்றவர்களுக்கும் கொரியரை மணந்து வந்தவர்களுக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு. அரசு இதற்குச் சொல்லும் காரணத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டாரின் சொந்த ஊர்ச் சொத்தும் வருமானமும் எங்களுக்குத் தெரியாது, தாஷ்கண்டில் மூன்று மாடி வீடு வைத்திருப்பவர் இங்கே ஏழை என்று குறைந்த பிரீமியம் கட்டினால் கொரிய ஏழைக்கு அது அநியாயம் என்கிறார்கள்.

தெரியாது என்பது உண்மை. ஆனால் தெரியாதபோது எதை அனுமானிக்கிறோம் என்பதில்தான் கொள்கை இருக்கிறது. பக்கத்தில் ஜப்பானைப் பாருங்கள். அங்கே 2012 முதல் மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் வெளிநாட்டார் பொதுக் காப்பீட்டில் சேர்ந்தாக வேண்டும். பிரீமியம் முந்தைய ஆண்டின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், புதிதாக வந்தவருக்கு ஜப்பானில் சென்ற ஆண்டு வருமானம் பூஜ்யம், ஆகவே முதல் வருடம் மிகக் குறைந்த தொகை. ஜப்பானுக்கும் அவருடைய சொந்த ஊர்ச் சொத்து தெரியாதுதான். தெரியாததைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறது ஜப்பான். தெரியாததைச் சராசரி என்று வைத்துக்கொள்கிறது கொரியா. ஜப்பான் முறையில் அரசுக்குக் கொஞ்சம் வருமானம் போகலாம். கொரிய முறையில் உண்மையாகவே ஒன்றும் இல்லாதவர் தன் வருமானத்தில் பெரும் பங்கை இழக்கிறார். யார் தலையில் இழப்பு விழுவது பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று கேட்டால், ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி வோன் உபரி காணும் கழகத்தின் தலையில்தான் என்பேன். தவிர, கொரியக் குடிமக்களும் வெளிநாட்டில் சொத்து வைத்திருக்கிறார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதற்காக யாரும் அவர்களைச் சராசரிக்கு உயர்த்துவதில்லை.

குடும்பம் என்ற இடத்தில் இன்னொரு வெட்டு. கொரியர்களுக்கு ஒரே வீட்டில் வாழும் குடும்பத்துக்கு ஒரே பில். வெளிநாட்டு வட்டார உறுப்பினருக்கு ஒவ்வொருவரும் தனித்தனிக் குடும்பம். கணவன் மனைவியையும் 19 வயது நிரம்பாத பிள்ளைகளையும் மட்டும் ஒன்றாகச் சேர்க்கலாம். இதனால் நொறுங்கியவர்கள் கொர்யோ-சாராம் என்று அறியப்படும் மத்திய ஆசியக் கொரியர்கள். 1937-ல் ஸ்டாலின் ஆட்சியில் தூரக் கிழக்கிலிருந்து கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் ரயிலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். இப்போது ஆன்சான் நகரிலும் குவாங்ஜுவின் கொர்யோ கிராமத்திலும் மூன்று தலைமுறையினரும் ஒரே கூரைக்குக் கீழே வாழ்கிறார்கள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இருபது வயதுப் பேரன் என்றிருக்கும் வீட்டில், வேலை நிலையாக இல்லாதபோது மூன்று பில்கள் வரும், ஒவ்வொன்றும் சராசரித் தொகைக்கு. மூதாதையர் மண் என்று கூப்பிட்டு விசா கொடுத்த அதே அரசுதான் குடும்பம் என்றால் என்ன என்பதை இவர்களுக்கு மட்டும் வேறாக வரையறுக்கிறது.

பில் கட்ட முடியாவிட்டால் என்ன ஆகும்? கொரியர் ஆறு முறை நிலுவை வைத்தால்தான் சிகிச்சைச் சலுகையை நிறுத்துவார்கள். அதற்குள் அறிவிப்பு வரும், தவணையில் கட்ட வழி உண்டு, மிக ஏழையானால் நிறுத்தாமலும் விடுவார்கள். வெளிநாட்டாருக்கு ஒரே ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதமே கதவு அடைபடும் என்று சட்டம் சொன்னது. சிரியாவிலிருந்து வந்து மனிதாபிமான அடிப்படையில் தங்கியிருந்தவர்களும் உஸ்பெகிஸ்தான் நாட்டவரும் தொடுத்த வழக்கில் 2023 செப்டம்பர் 26 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. முன்னறிவிப்பும் இல்லாமல், நிலுவை எவ்வளவு என்றும் பாராமல், ஒரே தவறுக்கு மருத்துவத்தை மறுப்பது காரணமற்ற பாகுபாடு, அந்தப் பிரிவு சாசனத்துக்கு ஒவ்வாது என்றது. திருத்துவதற்கு 2025 ஜூன் 30 வரை நாடாளுமன்றத்துக்குக் கெடு வைத்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் பாதித் தீர்ப்பு. சராசரிக் கீழ்வரம்பையும், குடும்பத்தைக் குறுக்கிய விதியையும் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது; நிலுவைப் பட்டியலை விசா அதிகாரிகளுக்கு அனுப்புவதிலும் அது கைவைக்கவில்லை. கட்ட முடியாத தொகையை விதிப்பது சரி, கட்டாததற்குத் தண்டிப்பதில் மட்டும் நிதானம் வேண்டும் என்பதாக அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நோயின் காரணமாகவே வேலை இழந்து, வேலை இழந்ததால் பிரீமியம் தவறி, தவறியதால் விசா நீட்டிப்பும் சிக்கலாகும் ஒருவரை இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியில் நீதிமன்றம் காப்பாற்றியது என்று பார்த்தால், கடைசிக்கு முந்தைய கண்ணியில்தான்.

பண்ணைகளின் நிலைமை இன்னும் மோசம். தொழிற்சாலைக்குப் போகும் ஈ-9 தொழிலாளிக்குப் பாதிப் பிரீமியம் முதலாளி கட்டுவார். ஆனால் கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் விளைவிக்கும் சிறு பண்ணைகள் பலவற்றுக்குத் தொழில் பதிவே கிடையாது. அங்கே வேலைசெய்பவர் சட்டப்படி ‘வட்டார உறுப்பினர்’. காலையிலிருந்து இரவு வரை ஒரு முதலாளியிடம் வேலை, மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் சொந்தத் தொழில் செய்கிறவர் என்ற கணக்கு. 2020 டிசம்பரில், கடுங்குளிரில், சியோலுக்கு வடக்கே போச்சோனில் பிளாஸ்டிக் பசுமைக்கூடத்துக்குள் அமைத்த தங்குமிடத்தில் கம்போடியத் தொழிலாளி ஒருவர் இறந்துகிடந்தார். முற்றிய கல்லீரல் நோய் என்றது பிரேதப் பரிசோதனை. 2022-ல் அதை வேலை சார்ந்த மரணமாக ஏற்றார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு, ஈ-9 தொழிலாளர்கள் ஆறு மாதம் காத்திருக்காமல் வந்த உடனே சேரலாம் என்றாக்கினார்கள். பண்ணைத் தொழிலாளர்களுக்குப் பிரீமியத்தில் கழிவும் கொடுத்தார்கள். நல்ல மாற்றங்கள்தான். ஆனாலும் முதலாளி இருக்கும்போது முதலாளியின் பங்கு இல்லை என்ற அடிப்படை ஓட்டையை அடைக்கவில்லை. பதிவு இல்லாத பண்ணைக்கு வெளிநாட்டுத் தொழிலாளியை ஒதுக்குவதே அரசுதான்; ஒதுக்கும்போதே பதிவைக் கட்டாயமாக்க எந்தத் தடையும் இல்லை.

எதிர்வாதங்களில் வலுவானது மோசடி பற்றியது. அடுத்தவர் எண்ணைக் கொடுத்துச் சிகிச்சை பெறுகிறார்கள், பெற்றோரை விமானத்தில் வரவழைத்து, தன்னைச் சார்ந்தவர் என்று காட்டி, அறுவை சிகிச்சை முடித்து அனுப்பிவிடுகிறார்கள் என்பது அது. இரண்டும் நடந்திருக்கின்றன, மறுப்பதற்கில்லை. முதலாவதற்கு 2024 மே 20 முதல் மருத்துவமனைகளில் அடையாள அட்டை பார்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். இரண்டாவதற்கு 2024 ஏப்ரல் 3 முதல், மனைவி அல்லது கணவன், 19 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தவிர மற்ற சார்ந்தோர் ஆறு மாதம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று விதித்தார்கள். இந்த இரண்டையும் நான் ஆதரிக்கிறேன். முதல் விதி கொரியர்களுக்கும் பொருந்தும். இரண்டாவது, வெளிநாட்டில் குடியேறிவிட்ட கொரியக் குடிமக்களின் குடும்பத்துக்கும் பொருந்தும். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் வசிப்பதைப் பார்க்கும் விதிகள் இவை. ஆறு மாதக் காத்திருப்பு என்பது உலகத்தில் இல்லாத கொடுமையும் அல்ல. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமே வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதம் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆனால் மோசடிக்குத் தீர்வு இந்த மாதிரி விதிகளில் கிடைத்துவிட்டது என்றால், மோசடியைக் காரணம் காட்டி விதித்த மற்ற கெடுபிடிகள் எதற்கு இன்னும் இருக்கின்றன? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தகுதி போனபிறகு வெளிநாட்டார் காப்பீட்டைப் பயன்படுத்தியதாகப் பதிவான வழக்குகளில் பெரும்பகுதி, தொழிலாளி வேலையை விட்டதை முதலாளி காலதாமதமாகத் தெரிவித்ததால் வந்தவை. தவறு ஒருவருடையது, பட்டம் இன்னொருவருக்கு.

இன்னொரு எதிர்வாதம் உணர்ச்சி சார்ந்தது, அதனால் லேசானதல்ல. இந்தக் காப்பீட்டை நாங்கள் வறுமையிலிருந்து ஐம்பது வருடம் கட்டியெழுப்பினோம், நேற்று வந்தவர் எப்படி எங்களுக்குச் சமம் என்கிறார்கள். அமைப்பைக் கட்டிய பெருமை அவர்களுடையதுதான். ஆனால் காப்பீட்டில் பழைய பணம் சேர்த்துவைக்கப்படுவதில்லை. இந்த வருடம் வரும் பிரீமியம் பெரும்பாலும் இந்த வருட நோயாளிகளுக்கே செலவாகிறது. அந்தச் செலவைத் தாங்கப்போவது யார் என்பதுதான் கொரியாவின் இன்றைய கவலை. 2023-ல் ஒரு பெண்ணுக்கு 0.72 குழந்தை என்ற அளவுக்குப் பிறப்பு விழுந்தது. 2024 டிசம்பரில் மக்கள்தொகையில் ஐந்தில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர் என்றானது. காப்பீட்டில் இருக்கும் ஏறக்குறைய 15 லட்சம் வெளிநாட்டாரில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். இவர்களும் ஒருநாள் கிழவர்களாகிச் செலவு வைப்பார்கள் என்றால், சிலர் வைப்பார்கள், அதற்குள் முப்பது வருடம் கட்டியிருப்பார்கள். ஈ-9 தொழிலாளிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இளமையில் கட்டிவிட்டு, விசா முடிந்ததும் ஊர் திரும்பி, முதுமையின் நோய்களை மன்னாரிலோ குருநாகலிலோ காத்மாண்டுவிலோ தன் சொந்தச் செலவில் பார்த்துக்கொள்வார். கொரியக் காப்பீட்டுக்கு இவரைவிட லாபகரமான உறுப்பினர் கிடையாது.

வேண்டியது புரட்சி அல்ல. கீழ்வரம்பை எல்லோருக்கும் ஒன்றாக்குவது, ஒரே கூரையில் வாழும் பெற்றோரையும் குடும்பம் என்று ஏற்பது, நிலுவைக்குத் தரும் அவகாசத்தைக் கொரியருக்குத் தருவதைப்போலவே தருவது, வேலைக்காரர் வைத்திருக்கும் ஒவ்வொரு பண்ணையிடமிருந்தும் முதலாளி பங்கைக் கேட்பது. இவற்றின் செலவு 94,000 கோடி வோன் உபரிக்குள் அடங்காமல் போவதற்கு வழியில்லை.

அதுவரை, போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. வேலையில் இருக்கும்போது பிரீமியம் சம்பளத்தில் பிடிக்கப்படும். வேலையை விட்ட மறுநாளே நீங்கள் வட்டார உறுப்பினராகிவிடுவீர்கள், முழுத் தொகைக்குப் பில் வரும், யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பதிவுசெய்த முகவரிக்குத்தான் பில் போகும். அறை மாறினால் முகவரியையும் உடனே மாற்றுங்கள், பில் வரவில்லை என்பதை விசா அலுவலகம் காரணமாக ஏற்காது. நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கிளம்பும்போது கணக்கை முடித்துவிட்டுக் கிளம்புங்கள், மறுபடி வரும்போது பழைய நிலுவை காத்திருக்கும். முக்கியமாக, கொரியர்கள் ஒரு மாதத்தின் பிரீமியத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். வெளிநாட்டு வட்டார உறுப்பினர் முந்தைய மாதம் 25-ஆம் தேதிக்குள்ளேயே கட்டிவிட வேண்டும்.